நூலால் நாடிழந்தவர்: மிக்கேலே அமாரியின் வாழ்வும் வரலாறும்

மிக்கேலே அமாரி 19-ஆம் நூற்றாண்டு இத்தாலியின் முதன்மையான வரலாற்றாசிரியர்களில் ஒருவர். 1806 ஜூலை 7 அன்று சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பிறந்து, 1889 ஜூலை 16 அன்று ஃபிளாரன்ஸில் மறைந்தார். அவருடைய பெயரை நிலைநிறுத்தியவை இரண்டு நூல்கள். ஒன்று, 1282-இல் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகச் சிசிலி மக்கள் கிளர்ந்தெழுந்ததைப் பற்றியது. மற்றொன்று, அதே தீவை முஸ்லிம்கள் ஆண்ட காலத்தின் முழு வரலாறு. இவற்றை எழுதியவர் நூலகத்துக்குள்ளேயே வாழ்ந்து முடித்தவர் அல்லர். புரட்சி அரசில் நிதியமைச்சர், ஒன்றுபட்ட இத்தாலியில் கல்வியமைச்சர், இடையில் இரண்டு முறை நாடு கடந்து வாழ்ந்தவர். எந்தக் காலத்தை ஆராய்வது, எதைக் கேட்பது என்பதை அமாரிக்கு அரசியலே முடிவு செய்து தந்தது. பதிலை மட்டும் அவர் ஆவணங்களிடம் கேட்டார். ஊர் முழுவதும் நம்பிய கதையை அந்தப் பதில் பொய்யாக்கியபோதும் அவர் ஆவணத்தின் பக்கமே நின்றார்.

நேப்பிள்ஸுக்கு அடங்கிய தீவு

அமாரி பிறந்தபோது இத்தாலி என்று ஒரு நாடு இல்லை. தீபகற்பம் பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. தெற்குப் பகுதியும் சிசிலியும் பூர்போன் வம்சத்தின் கையில் இருந்தன. 1806 தொடக்கத்தில் நெப்போலியனின் படை நேப்பிள்ஸைப் பிடித்ததும், அரசர் ஃபெர்டினாண்ட் பலெர்மோவுக்குத் தப்பி வந்து ஆங்கிலேயக் கடற்படையின் பாதுகாப்பில் தங்கினார். அந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை இருந்தது. ஆங்கிலேயத் தளபதி பென்டிங்க் பிரபுவின் அழுத்தத்தால் 1812-இல் சிசிலிக்கு ஓர் அரசியலமைப்பு கிடைத்தது. நெப்போலியன் வீழ்ந்தபின் நேப்பிள்ஸுக்குத் திரும்பிய அரசர், 1816 டிசம்பரில் இரண்டு நாடுகளையும் ஒன்றாக்கி ‘இரு சிசிலிகளின் இராச்சியம்’ என்று அறிவித்தார். சிசிலியின் தனி நாடாளுமன்றமும் அரசியலமைப்பும் அத்தோடு போயின. நூற்றாண்டுகளாகத் தனி அரசாக எண்ணப்பட்டு வந்த தீவு, நேப்பிள்ஸிலிருந்து ஆளப்படும் மாகாணமாகச் சுருங்கியது.

அமாரியின் தலைமுறை இந்த இழப்பைப் பற்றிய பேச்சுக்கு நடுவே வளர்ந்தது. 1820 ஜூலையில் பலெர்மோ கிளர்ந்தது. சில மாதங்களில் அடக்கப்பட்டது. அதே ஆண்டில் 14 வயது அமாரி அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்திருந்தார். கிளர்ச்சி அடங்கினாலும் கார்பொனாரி என்ற இரகசியச் சங்கத்தின் வேலை நிற்கவில்லை. அமாரியின் தந்தை ஃபெர்டினாண்டோ அதில் ஈடுபட்டிருந்தார். 1822-இல் சதி வெளிப்பட்டது. கூட்டாளிகள் பலர் கொல்லப்பட்டனர். ஃபெர்டினாண்டோவுக்கும் மரண தண்டனைதான் விதிக்கப்பட்டது. பின்னர் அது 30 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

பதினாறு வயது கூட நிரம்பாத மகன் மேல் தாயும் உடன்பிறந்தவர்களும் அடங்கிய குடும்பத்தின் பாரம் விழுந்தது. தந்தையைச் சிறையில் அடைத்த அரசின் அலுவலகத்திலேயே சம்பளம் வாங்கிக் குடும்பத்தைக் காக்க வேண்டிய நிலை. பல்கலைக்கழகப் படிப்பு எட்டாமல் போனது. வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படித்தார். வால்டர் ஸ்காட்டின் ‘மார்மியன்’ என்ற கதைக் கவிதையை மொழிபெயர்த்து 1832-இல் வெளியிட்டார். அதன் பிறகு சிசிலியின் பழைய அரசுரிமை பற்றிய சர்ச்சைகளில் இறங்கினார். தீவு ஒரு காலத்தில் தனக்கெனச் சட்டமும் நாடாளுமன்றமும் கொண்டிருந்தது என்று ஆவணத்தோடு காட்டுவது அன்றைய சூழலில் ஓர் அரசியல் செயல். வெளிப்படையாகப் பேச முடியாததை வரலாற்றின் வழியாகப் பேசலாம் என்பதை அமாரி அங்கேதான் கற்றுக்கொண்டார்.

1282-ஆம் ஆண்டின் எழுச்சி

அவர் தேர்ந்தெடுத்த பொருள் சிசிலியில் குழந்தைக்கும் தெரிந்த கதை. 13-ஆம் நூற்றாண்டில் போப்பின் ஆதரவோடு ஆஞ்சூவின் சார்லஸ் என்ற பிரெஞ்சு இளவரசர் தெற்கு இத்தாலியையும் சிசிலியையும் கைப்பற்றினார். தலைநகர் பலெர்மோவிலிருந்து நேப்பிள்ஸுக்கு மாறியது, வரி கூடியது, பிரெஞ்சு அதிகாரிகளின் கெடுபிடி பெருகியது. 1282-இல் ஈஸ்டர் விழா நாட்களில், பலெர்மோவுக்கு வெளியே சாந்தோ ஸ்பிரித்தோ தேவாலயத்தருகே மாலை வழிபாட்டுக்குக் கூடிய கூட்டத்தில், பிரெஞ்சுப் படைவீரர் ஒருவர் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகச் சண்டை மூண்டது. அன்றிரவே நகரிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் கொல்லப்பட்டனர். சில வாரங்களில் தீவு முழுவதும் சார்லஸின் ஆட்சி சரிந்தது. மாலை வழிபாட்டின் பெயரால் இது ‘சிசிலி வெஸ்பர்’ எழுச்சி எனப்படுகிறது. இதிலிருந்து கிளம்பிய போர் 1302-இல் கல்தபெல்லோத்தா உடன்படிக்கையோடுதான் ஓய்ந்தது.

இந்த எழுச்சிக்கு மரபுக் கதை ஒரு நாயகனைத் தந்திருந்தது. பழைய அரசரின் மருத்துவராக இருந்து நிலங்களை இழந்த ஜொவான்னி தா புரோச்சிதா, மாறுவேடத்தில் கான்ஸ்டாண்டிநோபிளுக்கும் போப்பிடமும் அரகோன் அரசரிடமும் சென்று சதியைப் பின்னினார். தீவின் பிரபுக்கள் அதில் பங்கு பெற்றனர். குறித்த நாளில் எழுச்சி வெடித்தது என்பது கதை. ஃபிளாரன்ஸின் வில்லானி உட்படப் பழைய வரலாற்று எழுத்தாளர்கள் இதைப் பல வடிவங்களில் சொன்னார்கள். நாடகங்களும் கவிதைகளும் அதை வளர்த்தன.

அமாரி இதைச் சோதிக்கத் தொடங்கியபோது, அவருடைய மேலதிகாரிகள் அறியாமலே அவருக்கு ஓர் உதவி செய்தார்கள். 1837-இல் சிசிலியைக் காலரா தாக்கியது. அரசே நஞ்சு வைக்கிறது என்ற வதந்தியால் கலவரங்கள் மூண்டன. அவற்றை அடக்கிய அரசு, சிசிலி அதிகாரிகளை நேப்பிள்ஸுக்கும் நேப்பிள்ஸ்காரர்களைச் சிசிலிக்கும் மாற்றும் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. 1838-இல் அமாரியும் நேப்பிள்ஸுக்கு மாற்றப்பட்டார். அங்கேதான் ஆஞ்சூ அரசர்களின் பதிவேடுகள் இருந்தன. சார்லஸின் அலுவலகமே எழுதிவைத்த ஆணைகளையும் வரிக் குறிப்புகளையும் அவர் படித்தார். அந்தப் பதிவேடுகள் 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படையினரால் எரிக்கப்பட்டன. ஆகையால் அமாரியைப் போன்றவர்கள் அவற்றிலிருந்து எடுத்தெழுதிய பகுதிகளுக்கு இன்று மூலத்தின் மதிப்பு உண்டு.

சான்றுகள் மரபுக் கதையோடு ஒத்துப்போகவில்லை. நிகழ்ச்சிக்கு மிக நெருங்கிய காலத்தில் எழுதியவர்கள் சதியை எழுச்சியின் காரணமாகக் காட்டவில்லை. எழுந்த நகரங்கள் உடனே அரகோன் அரசரை அழைக்கவும் இல்லை. தங்களைத் தாங்களே ஆளும் நகராட்சிகளாக அறிவித்து, போப்பின் பாதுகாப்பைக் கேட்டன. அரகோனின் மூன்றாம் பீட்டர் சிசிலியில் கால் வைத்தது ஆகஸ்ட் இறுதியில், அதாவது ஐந்து மாதம் கழித்து. சதித் திட்டப்படி நடந்த எழுச்சியென்றால் இந்த இடைவெளிக்கு விளக்கம் இல்லை. கொடுங்கோலைப் பொறுக்க முடியாத மக்கள் தாமாகவே எழுந்தார்கள். சதிகாரர்களும் அரசர்களும் பின்னால் வந்து பலனை எடுத்துக்கொண்டார்கள் என்று அமாரி முடிவு செய்தார்.

1842-இல் பலெர்மோவில் வெளிவந்த நூலுக்கு ‘பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சிசிலி வரலாற்றின் ஒரு காலப்பகுதி’ என்று யார் கண்ணையும் உறுத்தாத தலைப்பை வைத்திருந்தார். தணிக்கையைத் தாண்ட அது போதுமானதாக இருந்தது. வாசகர்களுக்கோ விளக்கம் தேவைப்படவில்லை. நேப்பிள்ஸிலிருந்து ஆளும் அயல் அரசர், சுமக்க முடியாத வரி, அதிகாரிகளின் அடாவடி என்று பக்கத்துக்குப் பக்கம் அவர்கள் தங்கள் காலத்தையே கண்டார்கள். பிரபுக்களுக்குக் காத்திராமல் சாதாரண மக்களே ஓர் ஆட்சியைத் தள்ளிவிட முடியும் என்ற முடிவு, 1842-இல் ஆபத்தான செய்தி. அரசு விழித்துக்கொண்டு நூலைத் தடை செய்தது. அதற்குள் பலெர்மோ திரும்பியிருந்த அமாரியை விளக்கம் கேட்டு நேப்பிள்ஸுக்கு அழைத்தது. அங்கே என்ன காத்திருக்கிறது என்று தந்தையின் கதையிலிருந்து அறிந்திருந்த அமாரி, அழைப்பை ஏற்காமல் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறினார்.

பாரிஸில் ஒரு முதிய மாணவர்

பாரிஸ் அவரை வரவேற்றது. மிஷ்லே, தியெரி போன்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர்களின் நட்பு கிடைத்தது. 1843-இல் ‘சிசிலி வெஸ்பர் போர்’ என்று வெளிப்படையான தலைப்போடு நூல் அங்கே மறுபடி அச்சானது. பின்னர் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஆங்கிலப் பதிப்பு 1850-இல் லண்டனில் வந்தது. வாழ்நாள் முழுவதும் புதிய ஆவணங்கள் கிடைக்கக் கிடைக்க அமாரி அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1886-இல் ஒன்பதாம் பதிப்பு வெளிவந்தது.

அடுத்த கேள்வி முன்பே அவர் மனதில் எழுந்திருந்தது. வெஸ்பருக்கு முந்திய சிசிலியை விளங்கிக்கொள்ள நார்மானியர் காலத்துக்குப் போக வேண்டும்; நார்மானியரை விளங்கிக்கொள்ள அவர்களுக்கு முன் ஆண்ட முஸ்லிம்களிடம் போக வேண்டும். அதற்கு அரபு மொழி தெரிய வேண்டும். இந்தத் துறையில் சிசிலிக்கு ஒரு கசப்பான அனுபவமும் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜுசெப்பே வெல்லா என்ற மால்டாப் பாதிரியார், முஸ்லிம் சிசிலியின் அரசாங்கக் கடிதங்கள் என்று தானே இட்டுக்கட்டிய ‘அரபுச் சுவடி’களை வெளியிட்டுப் புகழும் பதவியும் பெற்றார். மோசடி அம்பலமாகி அவர் தண்டிக்கப்பட்டார். பின்னாளில் லெயொனார்தோ ஷாஷா இதை ‘எகிப்தின் அவை’ என்ற நாவலாக்கினார். அறிஞர் ரொஸாரியோ கிரெகோரியோ உண்மையான மூலங்கள் சிலவற்றைத் தொகுத்து 1790-இல் வெளியிட்டிருந்தாலும், பெரும்பகுதி ஐரோப்பிய நூலகங்களில் படிக்கப்படாமலே கிடந்தது.

36 வயதைத் தாண்டிய அமாரி பாரிஸில் அரபு எழுத்துகளிலிருந்து தொடங்கினார். கீழைமொழிப் பள்ளியில் சில்வெஸ்டர் தெ சாசியின் இடத்தில் பாடம் நடத்திய ரெய்னோ அவருக்கு ஆசிரியர். மூன்றே ஆண்டுகளில் மாணவர் ஆய்வாளரானார். 1845-இல் ‘ஆசியவியல் இதழ்’ என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு ஆய்விதழில், பயணி இப்னு ஹவ்கல் 10-ஆம் நூற்றாண்டுப் பலெர்மோவைப் பற்றி எழுதிய குறிப்பை மூலத்தோடு வெளியிட்டார்.

அந்தக் குறிப்பு சிசிலிக்காரர்களுக்கு அவர்களின் ஊரையே புதிதாகக் காட்டியது. முந்நூறுக்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள், மதில் சூழ்ந்த பழைய நகரம், அரசாங்க அலுவலகங்கள் இருந்த காலிஸா பகுதி, கடைத்தெருக்கள் என்று பயணி விவரிக்கிறார். கிண்டலும் அவருக்கு வரும்: போருக்குப் போவதிலிருந்து தப்பிக்கவே இங்கு இத்தனை பேர் பள்ளி ஆசிரியர்களாக இருக்கிறார்கள் என்கிறார், அளவில்லாமல் பச்சை வெங்காயம் தின்பதுதான் இந்த ஊர்க்காரர்களின் அறிவு மழுங்கக் காரணம் என்றும் சொல்கிறார். அடுத்து, 1184-இல் மெசினாவருகே கப்பல் உடைந்து கரையேறிய அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைரின் சிசிலிக் குறிப்புகளை அமாரி வெளியிட்டார். அரபு படிக்கத் தெரிந்த நார்மானிய அரசரும், முஸ்லிம் பெண்களைப் போல உடுத்திக் கிறிஸ்துமஸ் கொண்டாடிய பலெர்மோ கிறிஸ்தவப் பெண்களும் அதில் வருகிறார்கள்.

1848: புரட்சி அரசின் கருவூலம்

1848 ஜனவரி 12 அன்று பலெர்மோ மீண்டும் எழுந்தது. அவ்வாண்டு ஐரோப்பாவை உலுக்கிய புரட்சிகளில் முதலாவது அதுதான். முதிய பிரபு ருஜ்ஜேரோ செத்திமோவின் தலைமையில் அரசு அமைந்தது. அமாரி பாரிஸிலிருந்து விரைந்து திரும்பினார். சிசிலி நாடாளுமன்றத்தில் இடம் பெற்றார், நிதியமைச்சரும் ஆனார். 

கருவூலம் காலியாக இருந்தது. கிளர்ச்சியின் குழப்பத்தில் வரி வசூல் நின்றிருந்தது. மெசினாவின் கோட்டை நேப்பிள்ஸ் படையின் கையிலேயே இருந்ததால் படைக்குப் பணம் வேண்டும். மக்கள் வெறுத்த மாவு அரைவை வரி போன்றவற்றைத் தொடர்வதும் கடினம், விட்டுவிடுவதும் கடினம். வரலாற்றில் கொடிய வரியைக் கண்டித்து எழுதியவருக்கு, இப்போது புரட்சியைக் காக்க வரி திரட்டும் வேலை வந்து சேர்ந்தது. ஏப்ரல் 13 அன்று நாடாளுமன்றம் பூர்போன் வம்சத்தைப் பதவியிலிருந்து நீக்கியது. பின்னர் வட இத்தாலிய அரசான பியட்மான்டின் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஜெனோவாக் கோமகனுக்கு முடியைத் தர முன்வந்தது, அவர் ஏற்கவில்லை.

ஆகஸ்ட்டில் அமைச்சரவை மாறியது. அமாரி பாரிஸுக்கும் லண்டனுக்கும் தூதராக அனுப்பப்பட்டார். செப்டம்பரில் நேப்பிள்ஸ் படை மெசினாவைக் குண்டுகளால் துளைத்தது. நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டுக்கு ‘குண்டு ராஜா’ என்ற பட்டப்பெயர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பிய வல்லரசுகள் அனுதாபம் காட்டின, உதவி செய்யவில்லை. சிசிலியின் உரிமையை விளக்கி ‘சிசிலியும் பூர்போன்களும்’ என்ற சிறுநூலை 1849-இல் அமாரி பிரெஞ்சில் எழுதினார். அந்த வசந்த காலத்தில் அவர் பலெர்மோவுக்கு வந்தபோது எல்லாம் முடியும் தறுவாயில் இருந்தது. மே 15 அன்று பூர்போன் படை நகருக்குள் நுழைந்தது. அமாரி மீண்டும் பாரிஸுக்குப் போனார்.

இந்தத் தோல்வி அவருடைய அரசியலை மாற்றியது. அதுவரை அவருடைய கனவு சிசிலியின் தனியுரிமை. தீவு தனித்து நின்று பிழைக்க முடியாது என்பதை 1849 காட்டிவிட்டது. சில காலம் புரட்சியாளர் மாஜினியின் குடியரசுக் கருத்துகளோடு நெருங்கினார். பின்னர், பியட்மான்ட் அரசின் கீழாவது இத்தாலி ஒன்றுபட வேண்டும் என்ற நிலைக்கு வந்தார்.

முஸ்லிம் சிசிலியின் வரலாறு

இரண்டாம் நாடுகடந்த வாழ்க்கை வறுமையில் கழிந்தது. பாரிஸ் தேசிய நூலகத்தின் அரபுச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரிக்கும் வேலை ஓரளவு கைகொடுத்தது. 12-ஆம் நூற்றாண்டில் சிசிலியில் பிறந்த இப்னு ஸஃபரின் அரசியல் நீதிக் கதை நூலை இத்தாலிய மொழியில் பெயர்த்து 1851-இல் வெளியிட்டார். வரைபடக்காரர் துஃபூருடன் சேர்ந்து, அன்றைய சிசிலியையும் 12-ஆம் நூற்றாண்டுச் சிசிலியையும் ஒப்பிடும் வரைபடத்தை 1859-இல் கொண்டுவந்தார்.

இவற்றுக்கிடையே பெரிய நூல் உருவானது. ‘சிசிலி முஸ்லிம்களின் வரலாறு’ முதல் தொகுதி 1854-இலும் இரண்டாம் தொகுதி 1858-இலும் ஃபிளாரன்ஸில் வெளிவந்தன. மூன்றாம் தொகுதியின் இரு பகுதிகள் 1868-இலும் 1872-இலும் வந்தன. எழுதுவதற்கு முன் மூலங்களைத் திரட்டுவதே பெரும்பாடாக இருந்தது. பாரிஸ், லெய்டன், ஆக்ஸ்ஃபோர்டு போன்ற இடங்களில் சிதறிக் கிடந்த சுவடிகளிலிருந்து சிசிலியைப் பற்றிய ஒவ்வொரு பத்தியையும் எடுத்து, ஒப்பிட்டு, திருத்தி ‘அரபு-சிசிலி நூலகம்’ என்ற தொகுப்பாக 1857-இல் லெய்ப்சிக்கில் அச்சிட்டார். புவியியலாளர்கள், வரலாற்றாசிரியர்கள், கவிஞர்கள், வாழ்க்கைக் குறிப்பு எழுதியவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். அதன் இத்தாலிய மொழிபெயர்ப்பு 1880-81-இல் வந்தது. தன் முடிவுகளுக்கு ஆதாரமான மூலத்தைப் பிறர் சரிபார்க்கும்படி முன்னால் வைத்துவிட்டு எழுதும் இந்த முறை, வெல்லாவின் மோசடியைக் கண்ட தீவுக்குத் தேவையாக இருந்தது.

நூல் சொல்லும் கதை சுருக்கமாக இது: 827-இல் பைசாந்தியப் பேரரசுக்கு எதிராகக் கலகம் செய்த யூஃபேமியஸ் என்ற தளபதி உதவி கேட்டதை வாய்ப்பாக்கி, கைரவான் நகரின் நீதிபதி அசத் இப்னு அல்-ஃபுராத் தலைமையில் ஒரு படை மஸாராவில் இறங்கியது. 831-இல் பலெர்மோவும் 878-இல் சிரக்யூசும் 902-இல் தவோர்மினாவும் வீழ்ந்தன. தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவின் அக்லபிகள், பிறகு ஃபாத்திமியர், 10-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அவர்கள் சார்பில் கல்பி வம்சத்தார் என்று ஆட்சி கைமாறியது. உள்நாட்டுப் பிளவால் தளர்ந்த தீவை 1061 முதல் 1091 வரை நார்மானியர்கள் கைப்பற்றினர்.

அமாரி அரசர்களின் வரிசையோடு நிற்கவில்லை. நிலம் யாரிடம் இருந்தது, வரி எப்படி வாங்கப்பட்டது, தீவின் எந்தப் பகுதியில் முஸ்லிம்கள் அதிகம் குடியேறினர், எங்கே கிரேக்கக் கிறிஸ்தவர்கள் நிலைத்தனர் என்று கேட்டார். மேற்கிலிருந்த மஸாரா வட்டாரத்தில் அரபு ஊர்ப்பெயர்கள் அடர்ந்திருப்பதும் வடகிழக்கில் அருகியிருப்பதும் அவருக்குச் சான்றாயின. பெரும் பண்ணைகள் உடைந்து சிறு விவசாயிகள் கைக்கு நிலம் வந்தது, நீர்ப்பாசனம் பெருகியது, கரும்பு, பருத்தி, எலுமிச்சை வகைகள் வேரூன்றின என்று காட்டினார். முஸ்லிம் ஆட்சியைத் தீவின் வாழ்வில் ஏற்பட்ட புத்துயிர்ப்பாகவே அவர் கண்டார்.

நார்மானியர் வென்றபின்னும் அந்த உலகம் உடனே அழியவில்லை என்பது நூலின் மற்றொரு முக்கியச் செய்தி. அரசின் வரி அலுவலகம் அரபு முறையில் நடந்தது. ஆவணங்கள் அரபு, கிரேக்கம், இலத்தீன் மொழிகளில் எழுதப்பட்டன. நார்மானிய அரசர் இரண்டாம் ரோஜரின் அவையில் அல்-இத்ரீசி 1154-இல் உலகப் புவியியல் நூலை முடித்தார். பலெர்மோ அரண்மனைத் தேவாலயத்தின் மரக் கூரையில் இஸ்லாமியப் பாணி ஓவியங்களும் அரபு எழுத்துகளும் இருந்தன. இறுதியில், கிளர்ச்சி செய்த முஸ்லிம்களை 13-ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் தெற்கு இத்தாலியின் லுச்சேராவுக்குக் குடிபெயர்த்ததோடு தீவில் அவர்களின் வரலாறு முடிகிறது. சிசிலியின் பொற்காலத்தை நார்மானியரின் தனிச் சாதனையாகக் கொண்டாடியவர்களுக்கு, அதன் அடித்தளத்தில் அரபுப் பங்கு எவ்வளவு என்று இந்த நூல் கணக்கிட்டுக் காட்டியது.

ஒன்றுபட்ட இத்தாலியில்

1859-இல் டஸ்கனியின் கோமகன் ஓடியபின் அமைந்த தற்காலிக அரசு, அமாரிக்குப் பீசா பல்கலைக்கழகத்தில் அரபுப் பேராசிரியர் பதவி தந்தது. விரைவில் ஃபிளாரன்ஸின் உயர்கல்வி நிறுவனத்துக்கு மாறினார். அங்கே நிலைகொள்வதற்குள் அரசியல் மீண்டும் அழைத்தது. 1860 மே 11 அன்று, இத்தாலிய ஒற்றுமைக்குப் போராடிய கரிபால்டி தன் ‘ஆயிரவர்’ படையோடு மார்சலாவில் இறங்கி, அம்மாத இறுதியில் பலெர்மோவைப் பிடித்தார். கோடையில் தீவுக்கு வந்த அமாரி, கரிபால்டியின் பெயரால் நடந்த அரசில் அமைச்சரானார். முதலில் கல்வியும் பொதுப்பணியும், பிறகு வெளியுறவும் அவர் பொறுப்பில் இருந்தன.

சிசிலியை உடனே பியட்மான்ட் அரசோடு இணைக்க வேண்டும் என்று அமாரி வாதிட்டார். கரிபால்டியோ ரோம் வரை போய்விட்டுத்தான் இணைப்பு என்றிருந்தார். இணைப்பு தள்ளிப்போனபோது அமாரி செப்டம்பரில் பதவி விலகினார். அக்டோபர் 21 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் தீவு இணைப்பை ஏற்றது. 1861 ஜனவரியில் அமாரி செனட் உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

1862 டிசம்பர் 8 முதல் 1864 செப்டம்பர் வரை, முதலில் ஃபரீனி, பிறகு மிங்கெத்தி அமைச்சரவைகளில் அவர் கல்வியமைச்சர். 1861 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிசிலியில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேருக்குத் தெரியாது. பியட்மான்டுக்காக 1859-இல் இயற்றிய கஸாத்திச் சட்டத்தை நாடு முழுவதற்கும் விரிக்க வேண்டும். பள்ளிச் செலவை ஏழை ஊராட்சிகளின் தலையில் சுமத்தியிருந்தது அந்தச் சட்டம். ஆசிரியரும் பணமும் இரண்டுமே குறைவு. தலைநகரைத் துரினிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு மாற்ற ஒப்புக்கொண்ட செப்டம்பர் உடன்படிக்கையால் துரினில் கலவரம் மூண்டு மிங்கெத்தி அரசு கவிழ்ந்தது. இருபத்தொரு மாதங்களுக்குப் பின் அமாரி தன் சுவடிகளுக்குத் திரும்பினார். அதன்பின் அவர் அமைச்சர் பதவி வகிக்கவில்லை.

இறுதி ஆண்டுகள்

பதவியிலிருந்தபோதும் ஆய்வு நிற்கவில்லை. ஃபிளாரன்ஸ் ஆவணக் காப்பகத்தின் அரபு ஆவணங்களை 1863-இல் வெளியிட்டார். பீசாவும் ஃபிளாரன்ஸும் வட ஆப்பிரிக்க, எகிப்திய ஆட்சியாளர்களோடு செய்துகொண்ட வணிக ஒப்பந்தங்களும் கடிதங்களும் அவற்றில் அடக்கம். சிசிலியின் அரபுக் கல்வெட்டுகளை 1875 தொடங்கித் தொகுத்தார். மாணவர் செலெஸ்தினோ ஸ்கியாபரெல்லியுடன் இணைந்து, அல்-இத்ரீசியின் நூலில் இத்தாலியைப் பற்றிய பகுதியை 1883-இல் கொண்டுவந்தார். 1878-இல் ஃபிளாரன்ஸில் கூடிய நான்காம் உலகக் கீழையியல் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர்.

1882-இல் வெஸ்பர் எழுச்சியின் அறுநூறாம் ஆண்டைப் பலெர்மோ கொண்டாடியது. அதையொட்டி எளிய வாசகர்களுக்காக எழுச்சியின் கதையைச் சிறு நூலாக எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் தன்னை நாடு கடக்க வைத்த கருத்தை, இப்போது அரசின் செனட் உறுப்பினராக அதே ஊருக்குச் சொல்ல முடிந்தது. அவருடைய கடிதங்களை நண்பர் அலெஸ்ஸாந்த்ரோ தங்கோனா 1896 முதல் 1907 வரை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார்.

பின்வந்தவர்களின் மதிப்பீடு

அமாரியின் முடிவுகள் எல்லாம் நிலைத்துவிடவில்லை. வெஸ்பர் எழுச்சியில் சதிக்குப் பங்கே இல்லை என்ற அளவுக்கு அவர் போனது மிகை என்று பின்வந்த ஆய்வாளர்கள் கருதினர். 1958-இல் இந்தப் பொருளில் நூல் எழுதிய ஸ்டீவன் ரன்சிமன், பைசாந்தியப் பேரரசரும் அரகோன் அரசரும் பின்னாலிருந்து செய்த வேலைக்கு மீண்டும் இடம் கொடுத்தார். ஆனால் மாறுவேடச் சதிகாரர் ஒருவரே எல்லாவற்றையும் செய்தார் என்ற பழைய கதைக்கு யாரும் திரும்பவில்லை.

முஸ்லிம் சிசிலி பற்றிய நூலிலும் 19-ஆம் நூற்றாண்டு அரசியலின் நிழல் உண்டு. சிசிலி முஸ்லிம்கள் ஆப்பிரிக்க ஆட்சியாளர்களை எதிர்த்துச் செய்த கலகங்களில், நேப்பிள்ஸை எதிர்த்த தன் தலைமுறையின் போராட்டத்தை அமாரி அதிகமாகவே கண்டார். தீவு தன்னுரிமை கேட்கும்போதெல்லாம் அவருடைய நடை சூடேறுகிறது. அவருக்குக் கிடைக்காத சுவடிகளும் அகழாய்வுச் சான்றுகளும் பின்னர் பல விவரங்களைத் திருத்தின. ஆயினும் அந்த நூலை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுத யாரும் முற்படவில்லை. அரபு அறிஞர் கார்லோ அல்ஃபோன்சோ நல்லீனோ 1933 முதல் 1939 வரை குறிப்புகளும் திருத்தங்களும் சேர்த்து அதை மறுபதிப்பாகவே கொண்டுவந்தார்.

திருத்தியவர்களுக்குத் திருத்துவதற்கான கருவியைத் தந்தவரும் அமாரிதான். ‘அரபு-சிசிலி நூலக’த்தில் அவர் திரட்டிய மூலங்களை வைத்தே அவருடைய சார்புகளையும் கண்டுபிடிக்க முடிந்தது. இத்தாலியில் நவீன அரபு ஆய்வு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 2015-இல் யுனெஸ்கோ ‘அரபு-நார்மானியப் பலெர்மோ’ என்ற பெயரில் அந்நகரின் கட்டடங்களையும் செஃபலு, மொன்ரெயாலே பேராலயங்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெயரின் முதற்பாதிக்கு ஆவணம் தேடித் தந்தவர்களில் முதலிடம் அமாரிக்கு உரியது.